'எக்ஸ்டெண்டட்' எழுத்துக்கு 'அகலுரு': ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

எழுத்துருக்களில் இயல்பைவிட அகலமாக வடிவமைத்த 'எக்ஸ்டெண்டட்' (extended) வகைக்கு 'நீட்டுரு', 'நீட்டெழுத்து' என்று இரண்டு சொற்கள் இந்த இழையில் வந்துள்ளன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தை யூரோஸ்டைல் (Eurostile) என்ற எழுத்துருவை வைத்தே சொல்கிறேன்.

இத்தாலியில் தூரின் நகரத்து நெபியோலோ என்ற அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவரேசே 1962இல் வடிவமைத்த எழுத்து அது. 1952இல் அவரும் அலெஸ்ஸாந்த்ரோ புட்டியும் செய்த மைக்ரோகிராம்மா எழுத்துருவில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் (capitals) மட்டுமே இருந்தன. அதற்குச் சிறிய எழுத்துகளும் சேர்ந்து, குடும்பமாக வளர்ந்ததுதான் யூரோஸ்டைல். செரிஃப், அதாவது கோடுகளின் முனையில் வரும் சிறு நீட்சி, கிடையாது. அதன் ஆங்கில 'ஓ'வை (O) பெரிதாக்கிப் பாருங்கள்: வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. பழைய டிவி திரை மாதிரி நான்கு பக்கமும் லேசாகப் புடைத்து, மூலைகள் உருண்டிருக்கும். கணினிக்கு மாறிய பதிப்புகளில் அந்தப் புடைப்பு தட்டையாகிவிட்டது. 2008இல் வடிவமைப்பாளர் அகிரா கோபயாஷி 'யூரோஸ்டைல் நெக்ஸ்ட்' என்ற புதிய பதிப்பைச் செய்தபோதுதான் அது திரும்பி வந்தது. அவ்வளவு நுட்பமான வளைவு!

இதன் தடித்த, அகன்ற வடிவம் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் விண்கலத் திரைகளில் வந்தது. அதன் பிறகு எதிர்காலம், இயந்திரம் என்றாலே பலரும் இந்த எழுத்துருவைத்தான் தேடுகிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். சாதாரண எழுத்து ஒன்றைக் கணினியில் பக்கவாட்டில் இழுத்தால் நெடுக்குக் கோடுகள் தடித்துவிடும். கிடைக்கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும். ஃப்ளெக்ஸ் பேனர்களில் நாம் தினமும் பார்க்கும் கோளாறு இது. உண்மையான அகன்ற வடிவத்தில் ஒவ்வொரு கோட்டின் தடிமனையும் வடிவமைப்பாளர் புதிதாக முடிவு செய்கிறார். 'நீட்டு' பிறவினை, யாரோ இழுத்தார்கள் என்று ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, இங்கே கூடியிருப்பது நீளம் இல்லை, அகலம்.

அதனால் என் முன்மொழிவு 'அகலுரு'. 'அகல்' தன்வினை. அகல் உரு என்று வினைத்தொகையாக இயல்பாகச் சேர்கிறது, 'எழுத்துரு'வோடும் ஒட்டி நிற்கிறது. இதற்கு எதிரான, குறுகலாக வடிவமைத்த 'கண்டென்ஸ்ட்' (condensed) வகைக்கு அதே வழியில் 'ஒடுங்குரு' ('ஒடுக்குரு' அல்ல). இரண்டுக்கும் நடுவில் 'இயல்புரு'. 'நீட்டிய எழுத்து' என்பதைக் கணினியில் இழுத்துக் கெடுத்ததற்கே வைத்துக்கொள்ளலாம்.

அகல் என்றால் விளக்கு நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லலாம். அகலப்பாதை என்னும்போது யாருக்கும் விளக்கு நினைவுக்கு வருவதில்லையே.

பயன்படுத்திப் பார்த்தேன்: "பெயர்ப்பலகைக்கும் கருவி முகப்புக்கும் அகலுரு பொருந்தும், பத்திக்கு வைத்தால் ஒரு வரியில் நாலைந்து சொல்தான் அடங்கும், அங்கே இயல்புருதான் சரி." தடங்கலின்றி வாசிக்க முடிகிறது.

அப்புறம், அந்த 'ஓ'வின் வடிவமான 'சூப்பர் எலிப்ஸு'க்கும் ஒரு சொல் வேண்டும். நீள்வட்டம் ஏற்கெனவே இருப்பதால் 'மீநீள்வட்டம்' எனலாமா? கணிதம் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள்.