எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை: வேலையிடத்தில் எந்த அளவுக்குச் சொல்வது?

கேள்வி: எடைப்பாலத்துக் கிராணி, சுங்கை சிப்பூட்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்பூட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தில் கிராணியாகப் பணிபுரிகிறேன். லாரிகளில் வந்திறங்கும் குலைகளை எடைபோட்டுச் சீட்டுக் கொடுப்பதும், மாத இறுதியில் குத்தகைக்காரர்களின் கணக்கை முடித்துத் தருவதும் என் பொறுப்பு. சில ஆண்டுகளாக எனக்கு இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. உடல் நிறைக் குறியீடு 41. மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் போதிய பலன் தராததால், இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றி, மீதியைக் குழாய் வடிவில் விட்டுவைக்கும் அறுவைச் சிகிச்சையை ஈப்போ மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார். நானும் சம்மதித்துவிட்டேன், தீபாவளிக்கு முன்பே முடித்துக்கொள்ள எண்ணம்.

சிகிச்சையைவிட அதை அலுவலகத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது. எங்கள் மேனேஜர் நல்லவர். ஆனால் அலுவலகம் ஒரே அறை. விடுப்புப் பாரங்களைக் கோப்பில் சேர்ப்பவர் எங்கள் வரிசை வீட்டிலேயே குடியிருக்கிறார். காலையில் கொடுத்த கடிதத்தின் விவரம் மாலைக்குள் கோயில் வாசலில் பேசப்படும். தலைமைக் கிராணி விரைவில் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு என் பெயரும் பேச்சில் இருக்கிறது. 'இவள் நோயாளி' என்றோ, 'வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள்' என்றோ பெயர் வாங்கிக்கொண்டு அந்தப் பதவிக்கு நிற்க எனக்கு விருப்பமில்லை.

யாரிடமும் மூச்சு விடாதே என்கிறார் கணவர். ஒளித்தால்தான் கதை கட்டுவார்கள், நேராகச் சொல்லிவிடு என்கிறார் அக்காள். வயிற்றில் ஓர் அறுவைச் சிகிச்சை என்று மட்டும் சொல்லி விடுப்புக் கேட்பது முறையாகுமா? சட்டம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

பதில்: ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளர், தெலுக் இந்தான்

சகோதரி, முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவ விடுப்புக்குத் தேவைப்படுவது பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழ். நோயின் பெயரைத் தொழிலாளி முதலாளிக்கு விளக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவில்லை. பணிக்காலம் 2 ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆனால் 22 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர வேண்டிய நிலைக்கு 60 நாள் தனியாக உண்டு. முன்பு இந்த 60-க்குள்ளேயே சாதாரண எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களையும் கழித்தார்கள், 2023 ஜனவரி முதல் அப்படிக் கழிப்பதில்லை. வீட்டில் படுத்திருந்தாலும், மருத்துவமனையில் இருக்க வேண்டிய அளவுக்கு உடல்நிலை உள்ளது என்று மருத்துவர் சான்றளித்தால், அந்நாட்களும் இந்த 60-இல் சேரும். இதைப் பலர் அறியாமல் ஆண்டு விடுப்பை வீணாக்குகிறார்கள்.

இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள். எம்சி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ செய்யாவிட்டால், அனுமதியின்றி வராமல் இருந்ததாகவே கருதப்படும். திட்டமிட்ட சிகிச்சைக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பது எப்படியும் நல்லது. மற்றொன்று, நிறுவனம் தனக்கென மருத்துவரை நியமித்திருந்தால் சட்டம் முதலில் அவரைத்தான் சுட்டுகிறது. ஆகவே உங்கள் நிறுவனம் நியமித்த பேனல் கிளினிக்கிலிருந்தே ஈப்போவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிவிடுங்கள். 'இது அழகுக்காகச் செய்துகொண்டது, விடுப்புத் தர முடியாது' என்று பின்னாளில் எவரேனும் வாதிட வந்தால், இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் குறிப்பிடப்பட்ட அந்தக் கடிதம் கிளினிக்கின் கோப்பில் இருக்கும்.

என் கருத்து உங்கள் கணவர் பக்கம்தான் சாய்கிறது, முழுவதுமாக அல்ல. பொய் சொல்லாதீர்கள், கேட்காததைச் சொல்லவும் வேண்டாம். 'மருத்துவர் பரிந்துரைத்த வயிற்று அறுவைச் சிகிச்சை' என்பது முழு உண்மை, அலுவலகத்துக்கு அது போதும்.

பதில்: வெளிக்காட்டு மேற்பார்வையாளர், பீடோங்

ஐயா சொன்ன சட்டம் சரி. ஆனால் தோட்டத்தில் பேச்சு சட்டத்தைக் கேட்டு நடப்பதில்லை. நான் இதே அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டவன், மேனேஜரிடம் முழு விவரத்தையும் சொன்னவன்.

விடுப்பு முடிந்து திரும்பிய பிறகுதான் மறைக்க முடியாத பகுதியே தொடங்குகிறது. சில மாதங்களில் கன்னம் ஒட்டிவிடும், சட்டை தொங்கும், பலருக்கு மூன்றாம் நான்காம் மாதத்தில் முடியும் கொட்டும். காரணம் தெரியாத ஊர் தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் சொல்லாமல் செய்துகொண்ட ஒருவருக்குப் புற்றுநோய் என்றே முடிவு கட்டி, வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார்கள். பதவி உயர்வைப் பற்றிக் கவலைப்படுகிற உங்களுக்கு எது கெடுதல்: சரியாகிவிட்ட உடல் பருமனா, பெயர் சொல்லப்படாத பெரிய நோயா?

சாப்பாட்டையும் யோசியுங்கள். தொடக்க வாரங்களில் நீராகாரம், பிறகு மசித்தது, அதன் பிறகுதான் திட உணவு. தண்ணீரைக்கூட மடக்மடக்கென்று குடிக்க முடியாது. நாள் முழுவதும் சிறுசிறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து மணிக்கு எல்லோரும் தே தாரேக்கும் காரிபாப்பும் வாங்கி வரும்போது நீங்கள் தினமும் மறுத்தால் நாலாம் நாளே கேள்வி வரும். சிலருக்கு இனிப்புப் பானம் குடித்த சற்று நேரத்தில் படபடப்பும் வியர்வையும் தலைச்சுற்றலும் வரும். அலுவலகத்தில் அப்படி நேர்ந்தால், காரணம் தெரிந்த ஒருவராவது அருகில் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் இலையில் வைத்ததை மீதம் விடுவதற்கு எனக்கு இன்னும் கூச்சம்தான், அது வேறு கதை.

ஆகவே மேனேஜரிடம் மட்டும், கதவை மூடிக்கொண்டு, வாய்மொழியாகச் சொல்லுங்கள். எழுத்தில் ஐயா சொன்ன வாசகமே இருக்கட்டும்.

பதில்: தோட்டத்து டிரசர், குவாலா சிலாங்கூர்

இருவரும் அலுவலகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அலுவலகத்துக்கு எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் பரவாயில்லை, என்னைப் போல் மருந்து கொடுப்பவருக்கு எதையும் குறைக்கக் கூடாது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு இரத்தச் சர்க்கரை விரைவாக இறங்குவதுண்டு; பழைய அளவிலேயே மாத்திரையோ ஊசியோ தொடர்ந்தால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். முட்டி வலி, இடுப்பு வலி என்று வருபவர்களுக்கு நாங்கள் வழக்கமாக எடுத்துக் கொடுக்கும் சில வலி மாத்திரைகள் இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடியவை. சிகிச்சை செய்துகொண்டவருக்கு அவற்றைத் தவிர்க்கவே அறிவுறுத்துவார்கள். பி12, இரும்புச் சத்து போன்றவற்றையும் நெடுங்காலம் கண்காணிக்க வேண்டும். இவை கிளினிக்கின் கோப்பில் இல்லாவிட்டால் நாங்கள் இருட்டில்தான் மருந்து கொடுப்போம். மருத்துவர் உங்கள் அனுமதியின்றி நோய் விவரத்தை நிர்வாகத்துக்குச் சொல்லக் கூடாது. அதை நீங்களே முதல் நாளில் நினைவூட்டலாம், எவரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வேலையைப் பொறுத்தவரை, மேசை வேலைக்குப் பலர் 2 முதல் 4 வாரத்தில் திரும்புகிறார்கள். பளு தூக்குவதை மட்டும் ஏறத்தாழ 6 வாரம் வரை தவிர்க்கச் சொல்வது வழக்கம். எடைப்பாலத்தில் இருப்பவர் சில சமயம் லாரியின் ஏணியில் ஏறிக் குலைகளைப் பார்க்க வேண்டியிருக்குமே, கோப்புப் பெட்டிகளை நகர்த்த வேண்டியிருக்குமே? அவற்றைச் செய்ய இயலாது என்பதை நிர்வாகம் அறிந்தே ஆக வேண்டும். தனக்கும் பிறர்க்கும் ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்வது தொழிலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் சொல்கிறது. கொதிகலனருகே நிற்பவரோ டிராக்டர் ஓட்டுபவரோ இக்கேள்வியைக் கேட்டிருந்தால், நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளர், தெலுக் இந்தான்

டிரசர் சொன்னதை ஏற்கிறேன். ஒன்று விட்டுப்போயிற்று. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்புறுதியைப் பயன்படுத்த நினைத்தால், செலவைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும் என்று மருத்துவமனைக்குத் தரும் உறுதிக் கடிதத்துக்கான விண்ணப்பம் பெரும்பாலும் நிர்வாகத்தின் கை வழியாகவே போகும், அதில் சிகிச்சையின் பெயரும் இருக்கும். இவ்வகைக் காப்புறுதிகள் பலவற்றில் உடல் பருமனுக்கான சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும். கிடைக்காத பணத்துக்காக இரகசியத்தை முன்கூட்டியே கொடுத்துவிடாமல், முதலில் ஒப்பந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, விலக்குகளின் பட்டியலைப் படியுங்கள்.

பீடோங் தம்பியின் யோசனையில் எனக்குள்ள தயக்கம் மேனேஜரின் குணத்தைப் பற்றியதல்ல. மேனேஜர்கள் மாற்றலாகிப் போவார்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்தவரிடம் எந்த வடிவில் போய்ச் சேரும் என்பது தெரியாது. பதவி உயர்வு முடிவாகும்வரையாவது பொறுத்திருக்கலாமே.

கேட்டவர்: எடைப்பாலத்துக் கிராணி

மூவருக்கும் மிக்க நன்றி. ஏணியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வாரத்தில் பல முறை ஏறுகிறேன். காப்புறுதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டேன், விலக்கு இருக்கிறது, ஆகவே அந்த விண்ணப்பம் போகாது. பேனல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜரிடம் இப்போது நோயின் பெயரைச் சொல்லப் போவதில்லை. திரும்பி வந்த பிறகு, அவரே கேட்டால் மறைக்கவும் போவதில்லை. அக்கம்பக்கத்தாருக்கு என் அக்காளே பதில் சொல்லிக்கொள்வதாகக் கூறிவிட்டார், அவர் வாய்க்கு முன்னால் எவரும் நிற்க முடியாது.

கடிதத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: 'மருத்துவரின் பரிந்துரைப்படி எனக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடைபெறவுள்ளது. மாதக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு விடுப்பில் சென்று, மூன்று வாரத்தில் பணிக்குத் திரும்புவேன். அதன் பின்னரும் மருத்துவர் அனுமதிக்கும்வரை ஏணி ஏறுதல், பளு தூக்குதல் ஆகியவற்றிலிருந்து விலக்களிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

பதில்: தோட்டத்து டிரசர், குவாலா சிலாங்கூர்

கடிதம் நன்று. மூன்று வாரம் என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'மருத்துவச் சான்றிதழில் குறிப்பிடப்படும் நாள்வரை' என்று எழுதுங்கள். காயம் ஆறுவது தாமதமானால் இன்னொரு கடிதமும் இன்னொரு விளக்கமும் தேவைப்படாது. பல மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவில் இருக்கச் சொல்வார்கள், அது உங்கள் மாதக் கணக்கு நாட்களில் விழாமல் இருக்கும்படி தேதியைக் கேட்டு வாங்குங்கள். பசியோடு குத்தகைக்காரர்களிடம் கணக்குப் பேசுவது எளிதல்ல.