மூணாறு கண்ணாடி நெகட்டிவ்கள்: லைட் பேனலும் மேக்ரோ லென்ஸும் யாரிடம் உண்டு?

வணக்கம் நண்பர்களே. மூணாறு, தேவிகுளம் பக்கத்துப் பழைய கண்ணாடி நெகட்டிவ்களையும் கையால் வரைந்த செடிப் படங்களையும் டிஜிட்டல் ஆக்குகிறோம்.

சிக்கல் நெகட்டிவ்களில்தான். பளபளப்பான பக்கம் ஸ்கேனர் கண்ணாடியைத் தொட்டால் நியூட்டன் வளையங்கள் (வானவில் நிற வளையக் கோடுகள்) விழுகின்றன. மங்கலான பக்கத்தில்தான் படம் பதிந்த மருந்துப் பூச்சு (ஜெலட்டின்). அதைக் கீழே வைத்தால் கீறல் விழும். ஓரத்தில் அட்டைத் துண்டு கொடுத்துத் தூக்கினால் ஃபோகஸ் போய்விடுகிறது. ஆகவே லைட் பேனல்மேல் வைத்துக் கேமராவில் எடுப்பதே நல்லது. மேக்ரோ லென்ஸ் (மிக அருகில் வைத்து எடுக்கும் லென்ஸ்), காப்பி ஸ்டாண்ட் (கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் தாங்கி) வைத்திருப்பவர்கள் இரவல் தர முடியுமா? இடவப்பாதி மழைக்குள் (தென்மேற்குப் பருவமழைக்குள்) முடித்தாக வேண்டும். ஈரத்தில் ஜெலட்டின் பூஞ்சை பிடிக்கும். தயவுசெய்து யாரும் தண்ணீரால் துடைக்க வேண்டாம்.

மூலக் கோப்பு 16 பிட் டிஃப் (TIFF, தரம் குறையாத படக் கோப்பு). பாசிட்டிவாக மாற்றுவது நகலில் மட்டும். செடிப் படங்களுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் கலர் கார்டு (நிறம் சரிபார்க்கும் அட்டை).

இன்னொன்று: மூணாறில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் அழித்தது. ரயில் ஓடும் படம் என்றால் அதற்கு முந்தியது. இடம் அடையாளம் சொல்லக்கூடிய எஸ்டேட் பெரியவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள். ஊகத்தையும் உறுதியையும் தனித்தனியாகவே குறிப்போம்.