தாத்தாவின் கை டிரில்: எந்தக் காலத்தது? பிட் ஏன் நழுவுகிறது?

கேள்வி:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆலைப் பட்டறையில் எங்கள் தாத்தா வேலை செய்தார். லயத்து வீட்டைக் காலி செய்தபோது அவருடைய மரப்பெட்டியில் ஒரு கை டிரில் கிடைத்தது. பெரிய சிவப்புப் பல்சக்கரம், மரக் கைப்பிடி, "ஸ்டான்லி, மேட் இன் இங்கிலாந்து" என்ற எழுத்து. 1910 வாக்கில் துரை கப்பலில் கொண்டுவந்தது என்பார்கள். உண்மையா? பிட்டை, அதாவது துளை போடும் முனையை, பிடித்துக்கொள்ளும் சக்கு என்ற பகுதியை எவ்வளவு இறுக்கினாலும் பிட் சாய்ந்து நழுவுகிறது. விற்க மாட்டேன், இதை வைத்து வேலை செய்ய ஆசை.

பதில்:
தம்பி, 1910 இருக்காது. ஸ்டான்லி அமெரிக்கக் கம்பெனி, கனெடிகட் மாநிலம், நியூ பிரிட்டன். ஷெஃபீல்டில் ஜே. ஏ. சாப்மன் கம்பெனியை வாங்கி இங்கிலாந்தில் கருவிகள் செய்யத் தொடங்கியதே 1930களின் பிற்பகுதியில்தான். அந்த "இங்கிலாந்து" எழுத்துதான் உங்களுக்குச் சாட்சி. காலம் கணிக்க உதவும் காப்புரிமை எண் இருக்கிறதா? பிரிட்டிஷ் எண்கள் 1916க்கு முன் வருஷா வருஷம் ஒன்றிலிருந்து தொடங்கும். 1916 முதல் 1,00,001இல் தொடங்கித் தொடர்ந்து ஏறும். தாத்தா எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பதில்:
சக்குக்கு நான் சொல்கிறேன் தம்பி. தட்டு ஒன்றை அடியில் வைத்து, சக்கின் வெளி உறையை முழுக்கத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே மூன்று தாடை இருக்கும். பல சக்குகளில் தாடைகளுக்கு நடுவே மெல்லிய ஸ்பிரிங் உண்டு. அது உடைந்தால் ஒரு தாடை பின்தங்கும், பிட் கோணலாக நிற்கும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை மூன்றாக வெட்டிப் போடலாம். உருண்டைத் தண்டு பிட்தான் மாட்ட வேண்டும். சதுர முனை உள்ளது பிரேஸ் என்ற வளைந்த பிடி உள்ள துளைக் கருவிக்கு. சிவப்புப் பெயின்டை மட்டும் சுரண்டிவிடாதீர்கள், உங்கள் தாத்தா காலத்து நிறம் அது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி ஐயா. எண் எதுவும் இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங் பாதியாகக் கிடந்தது, மற்ற இரண்டும் இல்லவே இல்லை. பேனா ஸ்பிரிங் போட்டேன். மெராந்திப் பலகையில் 5 மில்லிமீட்டர் பிட் நேராக இறங்கியது. பாட்டியிடமும் கேட்டேன். தாத்தா வேலைக்குச் சேர்ந்தது 1953இல். துரை தந்ததில்லையாம், ஈப்போவில் சொந்தச் சம்பளத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம்.