மறைமாறி நிரலில் 2.79 வருகிறது: பெல் தேற்றம் தவறா, என் கணக்கு தவறா?

தண்டையார்பேட்டை மாணவர்:
வணக்கம். ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து, பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒன்றை எண்ணூருக்கும் மற்றதை மாதவரத்துக்கும் பார்சலில் அனுப்பினால், எண்ணூரில் இடக்கால் செருப்பைப் பார்த்தவுடனே மாதவரத்தில் இருப்பது வலக்கால் செருப்பு என்று தெரிந்துவிடும். பிணைவுற்ற ஃபோட்டான்களும் (ஒன்றாக உருவாகி, பிரிந்த பின்னும் அளவீட்டு முடிவுகள் ஒத்துப்போகும் ஒளித்துகள்கள்) இப்படிப் புறப்படும்போதே விடையைச் சுமந்து செல்கின்றன என்று கொண்டு பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மறைகோணம் உண்டு, விடையை முன்கூட்டியே தீர்மானிக்கும் மறைமாறி அதுதான்; கருவியின் கோணம் அதிலிருந்து விலகும் அளவை இரட்டித்துக் கொசைன் கண்டு, அதன் குறியைப் பொறுத்து +1 அல்லது −1 என்று பதிகிறேன். ஒரு பக்கம் 0, 45 பாகை, மறுபக்கம் 22.5, 67.5. பெல் தேற்றப்படி, இடஞ்சார் மறைமாறிக்கு (ஓரிடத்து அளவீடு தொலைவிலுள்ள மற்றதைப் பாதிக்காத வகைக்கு), நான்கு கோணச் சேர்க்கைகளிலும் இருபக்க விடைகளின் பெருக்கலுக்குச் சராசரி கண்டு, மூன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்துப் பெறும் S மதிப்பு 2-ஐத் தாண்டக் கூடாது, எனக்கோ 2.79 வருகிறது. மூன்று இரவுகளாகத் தேடியும் பிழை அகப்படவில்லை.

பெரம்பூர் ஆசிரியர்:
தம்பி, எத்தனை ஜோடிகளை உருவாக்கினீர்கள், அவற்றில் எத்தனை சராசரியில் சேர்ந்தன?

மாணவர்:
1 லட்சத்தில் ஏறத்தாழ 72 ஆயிரம், ஐயா. கொசைனின் அளவு 0.22-க்குக் கீழே போனால் உணரி பதியவில்லை என்று கொண்டு அந்த ஜோடியை விட்டுவிட்டேன்.

ஆசிரியர்:
பிழை அந்த வரியில்தான் இருக்கிறது. ஒரு ஜோடி நான்கு கேள்விகளுக்கும், அதாவது ஒரு பக்கத்து இரு கோணங்களுக்கும் மறுபக்கத்து இரு கோணங்களுக்கும், a₁, a₂, b₁, b₂ என்ற விடைகளை முன்கூட்டியே வைத்திருந்தால், a₁(b₁+b₂) + a₂(b₂−b₁) என்பதில் ஓர் அடைப்பு சுழியாகும், மற்றது ±2 ஆகும். ஆகவே சராசரி 2-ஐத் தாண்ட வழியில்லை. ஆனால் எந்த ஜோடி விடுபடும் என்பதைக் கருவியின் கோணமும் சேர்ந்து தீர்மானிப்பதால், உங்கள் நான்கு சராசரிகளும் நான்கு வெவ்வேறு கூட்டங்களிலிருந்து வந்தவை. 1982இல் பிரெஞ்சு இயற்பியலாளர் அலேன் அஸ்பெ ஃபோட்டான்களைக் கொண்டு செய்த சோதனையிலும், பதியாத ஜோடிகளை விட்டுவிடும் இந்த ஓட்டை திறந்தே இருந்தது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், 1.3 கி.மீ. இடைவெளியில் வைத்த இரு வைரங்களின் எலக்ட்ரான்களை 245 முறை சோதித்து, எதையும் விடாமல் எண்ணியபோதும் S மதிப்பு 2-ஐத் தாண்டி 2.42 கிடைத்தது.

மாணவர்:
வரியை நீக்கி ஐந்து முறை ஓட்டினேன்; 1.99-க்கும் 2.01-க்கும் இடையிலேயே நிற்கிறது. மிக்க நன்றி ஐயா. அப்படியானால் மறைமாறி என்பதே கிடையாதா?

ஆசிரியர்:
அப்படிச் சொல்ல முடியாது. அளவிடும் கோணத்தை மறைமாறியோடு தொடர்பின்றித் தேர்ந்தெடுக்கிறோம் என்று ஏற்றால், இடஞ்சார் வகை மட்டுமே விலக்கப்படுகிறது. 1952இல் இயற்பியலாளர் டேவிட் போம் முன்வைத்த கோட்பாட்டில் மறைமாறி உண்டு. ஆனால் எண்ணூரில் நடப்பது மாதவரத்தை உடனே பாதிக்கும்.