ஃபெரென்சி: பழைய கள்ளா, புது மொந்தையா?

தேன்மொழி: 1932 செப்டம்பர், ஜெர்மனியோட வீஸ்பாடன் ஊர்ல உளப்பகுப்பாய்வு மாநாடு. மனசுல புதைஞ்சு கிடக்கிறதைப் பேச வெச்சு வெளியே கொண்டுவர்ற வைத்தியம்தான் உளப்பகுப்பாய்வு. பெரியவர்களின் பாலியல் அத்துமீறல் குழந்தை மனசை என்ன செய்யுதுன்னு புடாபெஸ்ட் மருத்துவர் சாண்டோர் ஃபெரென்சி கட்டுரை வாசிக்கிறார். அதை வெளியிட வேண்டாம்னு அந்த வைத்தியத்தை உருவாக்கின ஃப்ராய்டு முன்னாடியே கேட்டுக்கிட்டார். இது அநியாயம்னு சொல்றேன்.

கறார் கந்தன்: என்ன அநியாயம்? சின்ன வயசுல நடந்த பாலியல் அத்துமீறல்தான் மனநோய்க்கு வேர்னு சொல்லிட்டு, ஃப்ராய்டு 1897-லேயே கைகழுவின கொள்கைதானே. பழைய கள், புது மொந்தை.

தேன்மொழி: கள்ளே வேறங்க. ஃப்ராய்டு தேடினது நடந்த சம்பவத்தை. ஃபெரென்சி பார்த்தது அதுக்கு அப்புறம் நடந்ததை. குழந்தை தயங்கித் தயங்கி அம்மாகிட்ட சொல்லுது. "உளறாதே"ன்னு பதில் வருது. அடி பட்டதைவிட, அடியே படலைன்னு சாதிக்கிறதுதான் குழந்தையை உடைக்குது. தாக்கினவரோட குற்ற உணர்வைக்கூட அது தன்னோடதா விழுங்கிடுது. எதுவும் காட்டாம விறைப்பா உட்கார்ந்திருக்கிற மருத்துவரும் அந்த அம்மாவையே திரும்ப நடிக்கிறார்னு வேற சொன்னார். சபைக்குச் சுட்டது அதுதான்னு நினைக்கிறேன்.

கறார் கந்தன்: சரி, வைத்தியம்? எலிசபெத் செவர்ன்ங்கிற நோயாளிக்கு, தன்னையே பகுப்பாய்வு செய்ய ஃபெரென்சி இடம் கொடுத்தாரே! மருத்துவர் படுக்கையில, நோயாளி நாற்காலியில. கடைசிக் காலத்துல ஃபெரென்சிக்குப் புத்தி பேதலிச்சிருந்ததுன்னு, ஃப்ராய்டோட வாழ்க்கை வரலாற்றை எழுதின எர்னஸ்ட் ஜோன்ஸே 1957-ல எழுதியிருக்கார்.

பழைய பேப்பர்: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ஃபெரென்சி செத்ததும் அந்தக் கட்டுரையோட ஆங்கில வடிவத்தை அச்சேறாம நிறுத்தினதும் இதே ஜோன்ஸ்தான். 1949-லதான் வெளிவந்துச்சு. இத்தனைக்கும் 1913-ல ஃபெரென்சிகிட்ட பகுப்பாய்வுக்குப் போனவர் அவர்! 1933 மே மாசம் ஃபெரென்சியைக் கொண்டுபோனது கொடிய ரத்தசோகை. கூட இருந்த சீடர் மைக்கேல் பாலின்ட், புத்தி கடைசிவரை தெளிவா இருந்ததுன்னு மறுத்திருக்கார்.

கறார் கந்தன்: ஜோன்ஸ் சாட்சியம் செல்லாது, ஒத்துக்கறேன். படுக்கை விஷயம் அப்படியே நிக்குது.

தேன்மொழி: நிக்கட்டும். அதோட சிக்கலை மறைக்காம அவரே 1932 நாட்குறிப்புல எழுதி வெச்சார். 1985 வரை அது அச்சுக்கே வரலை. கொள்கையை நோயாளிகிட்ட கேட்டுத் திருத்தின ஆள் அவர், கந்தன் சார்.

கறார் கந்தன்: திருத்தினாரா, தொலைச்சாரா? முதல்ல அந்த நாட்குறிப்பைப் படிச்சிட்டு வரேன்.