வன அனுமதி வரவில்லை, எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு என்ன செய்வது?

வைகைக்கரை:
வணக்கம். எம்.எஸ்சி. வைல்ட்லைஃப் பயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கேமரா டிராப் (விலங்கு கடந்து போனால் தானே படம் எடுக்கும் கேமரா) போட்டுச் சிறுத்தைகளைக் கணக்கெடுப்பதாக ஜூலையிலேயே விண்ணப்பம் கொடுத்தோம். நவம்பர் பாதி ஓடிவிட்டது. போன் செய்தால் ‘ஃபைல் மேலே போயிருக்கு’ என்கிறார்கள். ஏப்ரலில் தீசிஸ் கொடுக்க வேண்டும். ‘தலைப்பை மாத்திக்கம்மா’ என்கிறார் கைடு. துறையில் இருப்பதே இரண்டு கேமரா. அதில் ஒன்றுக்கு மூடி நிற்காது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம். எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். சுற்றிலும் வயலும் கண்மாயும்தான். இங்கே என்ன காட்டுயிர் ஆய்வு செய்ய முடியும்?

கூகை:
இரண்டு கேமராவில் சிறுத்தைக் கணக்கு வராது. அனுமதி கிடைத்திருந்தாலும் ஏப்ரலில் இதே புலம்பல்தான். கடுமையாகத் தோன்றினால் மன்னிக்கவும்.

சாரை:
கூகை சொல்வது சரிதான். உடம்புப் புள்ளிகளை வைத்துத்தான் ஒரு சிறுத்தையை இன்னொன்றிலிருந்து பிரித்தறிகிறோம். இடப்பக்கப் புள்ளி வேறு, வலப்பக்கப் புள்ளி வேறு. அதனால் ஒரே இடத்தில் எதிரெதிராக இரண்டு கேமரா வைக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரே ஓர் இடத்துக்குத்தான் காணும், அதுவும் ரப்பர் பேண்ட் அறுகிற வரை.

நானும் இப்படி மாட்டியவள்தான். எனக்கு யானை ஆசை. அனுமதி வராமல், கடைசியில் ஆனைமலைப் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும் ஆறு கிலோமீட்டர் சாலையில், வண்டியில் அடிபட்டுச் சாகும் உயிர்களை எண்ணினேன். முதல் வாரம் அவமானமாகத்தான் இருந்தது. சக மாணவன் புலியின் எச்சம் பொறுக்கிக்கொண்டிருக்க, நான் நசுங்கிய தேரைக்கு அருகில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் போய் ஆய்வு செய்வதற்கான அனுமதியைப் பற்றியது. வயல்வெளி ஊர்ச்சாலையில் நின்று பார்த்து எழுதுவதற்கு அது குறுக்கே வராது. ஆனால் எதையும் பிடிக்காதீர்கள். செத்ததையும் எடுத்து வந்து ஃபார்மலினில் போடாதீர்கள். 39ஆம் பிரிவுப்படி செத்துக் கிடக்கும் வனவிலங்கும் அரசு சொத்து.

இனி வேலைக்கு வருவோம். வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுங்கள். காக்கை உங்களுக்கு முன்னால் எழுந்துவிடும், அதுதான் பெரிய தலைவலி. பைக்கில் இருபது வேகத்தில் போனால் பாம்பும் கீரியும் கண்ணில் படும், சின்னத் தவளை படாது. அதனால் ஆறு கிலோமீட்டர் சாலை என்றால், அதில் ஒரு கிலோமீட்டரை மட்டும் நடந்தும் எண்ணுங்கள். நடந்தபோது கிடைத்ததில் எத்தனையை பைக்கில் தவறவிட்டீர்கள் என்று தெரிந்தால் மீதி ஐந்துக்கும் கணக்கைத் திருத்தலாம்.

அப்புறம் சாக்பீஸ். செத்த உடலைச் சுற்றி வட்டம் போட்டு, மணிக்கொரு முறை போய்ப் பாருங்கள். ஒரு நாள் ஆறரைக்கு நான் வட்டம் போட்ட தண்ணீர்ப்பாம்பு ஏழரைக்கு இல்லை. வட்டத்துக்குள் ஒரு ஈரக் கறை மட்டும் இருந்தது. எது எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று தெரியாமல் எண்ணினால், நாயும் காக்கையும் விட்டுவைத்ததைத்தான் எண்ணுகிறீர்கள். டீக்கடைக்காரர் என்னைப் போலீஸ் என்றே நினைத்திருந்தார், விபத்து நடந்த இடத்தில் கோடு போடுகிறேனாம்.

உடனே தொடங்குங்கள். டிசம்பருக்குள் மழைக்காலக் கணக்கு கைக்கு வந்தால், பிப்ரவரி வெயிலோடு ஒப்பிடலாம். ஒளிரும் சட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், தனியாகப் போகவேண்டாம்.

கூகை:
இதை வைத்து பிஎச்.டி. இடம் கிடைக்குமா?

சாரை:
எனக்குக் கிடைத்தது. நேர்காணலில் யானையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, சாக்பீஸ் வட்டத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். திம்பம் மலைப்பாதையில் 2022இல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்ததே, அந்த வழக்கிலும் அடிபட்டுச் செத்த விலங்குகளின் கணக்கு பேசப்பட்டது. யாரோ எண்ணி எழுதி வைத்த கணக்கு.

வைகைக்கரை:
நன்றி அக்கா. ஒன்றுமே கிடைக்காத நாளை என்ன செய்வது?

சாரை:
தேதி, நேரம், மழை, பூச்சியம். அப்படியே எழுதுங்கள். பூச்சியத்தை விட்டுவிட்டால் சாலையில் தினமும் சாவு என்றாகிவிடும்.

வைகைக்கரை:
இன்று தம்பியோடு போனேன். ராத்திரி நல்ல மழை. கண்மாய்க் கரை ஓரம் மட்டும் பதினான்கு தவளை, ஒரு சாரை (மன்னிக்கவும் அக்கா). கைடிடம் சொன்னேன், ‘முதல்ல ஒரு வாரம் எண்ணிக்கிட்டு வா’ என்றார். மூன்று படம் போட்டிருக்கிறேன், மூன்றாவது என்ன பாம்பு என்று தெரியவில்லை.

சாரை:
அது பாம்பு இல்லை, சைக்கிள் டியூப். நானும் நான்கு நாள் அதை எண்ணியிருக்கிறேன்.