15 வயதுப் பெண்ணுக்கு மனச்சோர்வு மாத்திரை: முதல் நாளே எழுதலாமா?

பவானிக்காரன்:
என் அக்கா மகள் கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். ஒரு தனியார் மருத்துவமனையில் பத்து நிமிஷம் பேசிவிட்டு ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கவுன்சலிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனி ஒரு மாதம் கழித்து வந்தால் போதுமாம். இந்த வகை மாத்திரைகளால் சிறுவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-லேயே மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரித்தது. பிள்ளைகளுக்கு இந்த மாத்திரையே கூடாது என்பதுதான் என் கட்சி.

இரவுப்பணி டாக்டர்:
அந்த எச்சரிக்கையை முழுதாகப் பாருங்கள் அண்ணா. மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 4 பேருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. 4 பேர் என்பது சின்ன விஷயமில்லை, ஆனால் கவனிக்காமல் விட்ட கடும் மனச்சோர்வும் உயிரை எடுக்கும். அதே 2004-ல், பதின்பருவ மனச்சோர்வுக்கு ஃப்ளூஆக்ஸெடினையும் பேச்சுச் சிகிச்சையையும் ஒப்பிட்டு வந்த டாட்ஸ் ஆய்வில் 12 முதல் 17 வயதுவரை 439 பேர். 12 வாரத்தில் நன்றாகத் தேறியவர்கள்: மாத்திரையோடு சிபிடி என்ற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தபோது 71%, மாத்திரை மட்டும் 61%, சிபிடி மட்டும் 43%, வெற்று மாத்திரை 35%. மாத்திரையே கூடாது என்றால் தேறிய அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில்?

தேரடி ஆலோசகர்:
வெற்று மாத்திரையிலேயே மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார்களே டாக்டர்! அதனால்தான் லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை கொடுக்காதே என்கிறது பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை நெறிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி. முற்றிய நிலையிலும் பேச்சுச் சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுக்கச் சொல்கிறது. பெற்றோரின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இதே வகையைச் சேர்ந்த பராக்ஸெட்டின் என்ற மாத்திரை பதின்பருவத்தினருக்கு நல்ல பலன் தருகிறது என்று 2001-ல் கட்டுரை வந்தது. அதே தரவுகளை 2015-ல் வேறு ஆய்வாளர்கள் அலசியபோது பலனும் இல்லை, கெடுதல்தான் அதிகம் என்று தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் அதைச் சாப்பிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

இரவுப்பணி டாக்டர்:
பராக்ஸெட்டின் விஷயத்தில் நடந்தது அநியாயம்தான் மேடம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் 2003-ல் 18 வயதுக்குட்பட்டவர்களின் மனச்சோர்வுக்கு அந்த வகை மாத்திரைகள் வேண்டாம் என்று சொன்ன பிரிட்டன், ஃப்ளூஆக்ஸெடினை மட்டும் விட்டுவைத்தது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பேச்சுச் சிகிச்சை தர எங்கள் மாவட்டத்தில் ஆள் கிடைப்பதே அரிது. அதுவரை கடும் மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்லவா?

தேரடி ஆலோசகர்:
ஆள் இல்லை என்பதற்காக மாத்திரை எழுதினால், பிறகு ஆள் போடச் சொல்லி யாரும் கேட்கவே மாட்டார்கள். சரி, எழுதிவிட்டீர்கள் என்றே வையுங்கள். முதல் நான்கு வாரம் வாராவாரம் பிள்ளையைப் பார்க்க வேண்டாமா?

இரவுப்பணி டாக்டர்:
கட்டாயம் பார்க்க வேண்டும். மாத்திரை எழுதி ஒரு மாதம் கண்டுகொள்ளாமல் விடுவதை நான் எந்த வகையிலும் ஆதரிக்கவில்லை. அண்ணா, படபடப்பு, தூக்கமின்மை, இருப்புக்கொள்ளாத தவிப்பு, திடீர் கோபம் இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

பவானிக்காரன்:
என் கட்சி மாறவில்லை டாக்டர். அந்தப் பிள்ளையிடம் யாராவது உட்கார்ந்து முழுதாகப் பேசியிருந்தால் இந்த அளவுக்குப் பயந்திருக்க மாட்டோம். இந்த வாரமே வேறு டாக்டரிடம் கூட்டிப் போகிறோம்.

தேரடி ஆலோசகர்:
நல்லது தம்பி. இடையில் ராத்திரி நேரத்தில் பயம் வந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.